வலியவர் தலையீடு: ஈரானில் 1953-இல் நடந்ததைப் பற்றி ஒரு தர்ம விசாரணை

ஒரு நாட்டு மக்கள் தங்கள் சட்டசபையின் மூலமாக அமைத்துக்கொண்ட மந்திரிசபையை, அது தன் நலனுக்கு ஒத்துவரவில்லை என்ற காரணத்துக்காக வேறொரு நாட்டின் அரசாங்கம் பணத்தாலும் சூழ்ச்சியாலும் கவிழ்த்துவிடலாமா என்று கேட்டால், கூடாது என்றே எவரும் பதில் சொல்வார்கள். அத்தகைய காரியத்தைச் செய்து முடித்த அரசாங்கங்களின் தலைவர்களும் பொதுமேடையில் அந்தப் பதிலையே சொல்லிவந்திருக்கிறார்கள். கொள்கையளவில் யாவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு தர்மம், காரியம் என்று வரும்போது மட்டும் ஏதோ ஒரு விசேஷ காரணத்தால் ஒவ்வொரு முறையும் ஒதுக்கிவைக்கப்படுமானால், அந்த விசேஷ காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்ப்பதே விசாரணைக்கு உரிய வழியாகும். அதற்கு ஒரு மெய்யான சம்பவம் வேண்டும். 1953 ஆகஸ்டு மாதத்தில் ஈரானின் பிரதம மந்திரி முகம்மது மொசாதேக்கின் ஆட்சி அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு ஸ்தாபனங்களின் ஏற்பாட்டில் கவிழ்க்கப்பட்ட சம்பவத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். செய்தவர்கள் தம் கைப்பட எழுதிவைத்த ஆவணங்கள் பல இப்போது வெளிவந்துவிட்டன. அவர்கள் சொன்ன நியாயங்களும் அற்பமென்று ஒதுக்கத்தக்கவை அல்ல. அதன் விளைவுகளோ எழுபது வருஷங்கள் கழிந்தும் ஓயவில்லை.

விஷயத்தின் வேர் எண்ணெயில் இருக்கிறது. 1901-ஆம் வருஷத்தில் பாரசீக மன்னராயிருந்த முஸாபருதீன் ஷா, வில்லியம் நாக்ஸ் டார்சி என்ற செல்வந்தருக்கு, வடக்கேயுள்ள ஐந்து மாகாணங்கள் நீங்கலாக நாடு முழுவதிலும் எண்ணெய் எடுக்கும் உரிமையை அறுபது வருஷ காலத்துக்கு எழுதிக்கொடுத்தார். நிகர லாபத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு பாரசீகத்துக்கு என்பது ஏற்பாடு. 1908-இல் மஸ்ஜிதே சுலைமான் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்டது. அடுத்த வருஷத்தில் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனி பிறந்தது. தன் கடற்படையை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் அரசாங்கம், கடற்படை மந்திரியாயிருந்த சர்ச்சிலின் முயற்சியால், 1914-இல் அக்கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிக்கொண்டது. அன்று முதல் தனியார் வியாபாரம் என்ற நிலை மாறி, ஒரு சாம்ராஜ்யத்தின் கப்பல்கள் ஓடுவதற்கு வேண்டிய ஆதாரம் இன்னொரு நாட்டு மண்ணுக்கடியில் இருக்கும் நிலை ஏற்பட்டுவிட்டது. 1933-இல் ரேஸா ஷாவின் காலத்தில் செய்துகொள்ளப்பட்ட புதிய ஒப்பந்தம் கம்பெனியின் உரிமையை 1993 வரை நீட்டித்தது.

பாரசீக வளைகுடாவின் முனையில் அபாதான் என்ற ஊரில் அந்தக் கம்பெனி கட்டிய சுத்திகரிப்பு ஆலை, இரண்டாம் உலக யுத்த காலத்தில் உலகத்திலேயே மிகப் பெரியதாக விளங்கிற்று. அங்கே ஆங்கிலேய உத்தியோகஸ்தர்களுக்குப் புல்வெளியும் தோட்டமும் சூழ்ந்த வீடுகளும், நீச்சல் குளங்களும், சங்கங்களும் இருந்தன. கூலிக்காரர்களில் ஒரு பகுதியினர் வசித்த இடத்துக்குக் காகஸாபாத், அதாவது காகிதப் பட்டணம், என்று பெயர். துருப்பிடித்த எண்ணெய்ப் பீப்பாய்களைத் தகடாக அடித்து நிறுத்திய குடிசைகள். குழாய்த் தண்ணீர் கிடையாது, மின்சாரம் கிடையாது. கோடையில் தகரம் அடுப்பாகக் காய்ந்தது. மழைக்காலத்தில் தெரு முழுவதும் சேறாயிற்று. நாற்பதுகளில் அவ்விடத்தைக் கண்ட ஈரானிய அதிகாரி ஒருவர் தம் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதிவைத்திருக்கிறார். அதே காலத்தில் கம்பெனி பிரிட்டிஷ் கஜானாவுக்குச் செலுத்திய வரி, எண்ணெய்க்கு உடைமைக்காரரான ஈரானியருக்குக் கொடுத்த தொகையைக் காட்டிலும் அதிகமாயிருந்தது. கணக்குப் புஸ்தகங்களைப் பார்க்கும் உரிமைகூட ஈரான் அரசாங்கத்துக்குத் தரப்படவில்லை. 1950 டிசம்பரில் பக்கத்திலுள்ள சவூதி அரேபியாவில் அமெரிக்கக் கம்பெனி லாபத்தைப் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொள்ளச் சம்மதித்த பிறகு, ஈரானில் பழைய ஏற்பாட்டை எவராலும் தாங்கி நிறுத்த முடியவில்லை. கம்பெனி ஆட்சி இன்னதென்று அனுபவித்து அறிந்த நம் நாட்டாருக்கு இதை விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1951 மார்ச்சில் ஈரானியப் பாராளுமன்றமாகிய மஜ்லிஸ் எண்ணெய்த் தொழிலைத் தேசியமயமாக்கத் தீர்மானித்தது; அடுத்த மாதத்தில், ஸ்விட்ஜர்லாந்தில் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவரும், எழுபது வயதை நெருங்கியவரும், லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர் என்று எதிரிகளாலும் ஒப்புக்கொள்ளப்பட்டவருமான மொசாதேக்கைப் பிரதம மந்திரியாகத் தேர்ந்தெடுத்தது. அச்சட்டம் கொள்ளைச் சட்டமன்று. கம்பெனியின் கோரிக்கைகளுக்கு ஈடு செய்யும் பொருட்டு எண்ணெய் வருமானத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து வரை ஒதுக்கிவைக்கலாம் என்ற ஷரத்து அதிலேயே இருந்தது. பிரிட்டிஷ் தொழிற்கட்சி அரசாங்கமும் அதற்கு முந்திய ஐந்தாறு வருஷங்களுக்குள்ளாகத்தான் தன் நாட்டின் மத்திய பாங்கியையும், நிலக்கரிச் சுரங்கங்களையும், ரெயில்வேக்களையும் தேசியமயமாக்கியிருந்தது. தன் பிரஜைகளுக்கு எது உரிமையோ அது ஈரானியருக்கு மட்டும் எப்படிக் குற்றமாகும் என்று மொசாதேக் கேட்டார். அதற்கு நேரான பதில் எவரிடமிருந்தும் வரவில்லை.

பிரிட்டன் முதலில் கையாண்ட வழிகள் பெரும்பாலும் பகிரங்கமானவை. ஆகவே அவற்றைப் பற்றிய நம் தீர்ப்பும் வேறாக இருக்க வேண்டும். கம்பெனியின் நிபுணர்கள் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டார்கள். ஈரானிய எண்ணெயை எவரும் வாங்கலாகாதென்று உலகமெங்கும் அறிவிக்கப்பட்டது. சர்க்கரையும் உருக்கும் ஈரானுக்கு ஏற்றுமதியாவது நிறுத்தப்பட்டது. அபாதானுக்கு எதிரே யுத்தக் கப்பல்கள் நின்றன. படையை இறக்கலாமென்று மந்திரிசபையில் சிலர் வற்புறுத்தியபோதிலும், பிரதம மந்திரி அட்லி அதற்கு இணங்கவில்லை என்பதை அவருடைய பெருமையாகவே குறிக்க வேண்டும். வழக்கு ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபைக்கும் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கும் சென்றது. 1952 ஜூலை 22-ஆம் தேதி, இது ஓர் அரசாங்கத்துக்கும் ஒரு கம்பெனிக்கும் இடையே உள்ள ஒப்பந்தமேயன்றி இரு ராஜ்யங்களுக்கிடையே உள்ள உடன்படிக்கை அன்று, ஆகவே இதை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று அந்நீதிமன்றம் ஒன்பதுக்கு ஐந்து என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த ஒன்பது பேரில் ஒருவர் பிரிட்டிஷ் நீதிபதியான சர் ஆர்னால்டு மக்நேர். தம் நாட்டின் வாதத்தைத் தம் மனச்சாட்சிக்கு மேலாக அவர் வைக்கவில்லை.

நீதிமன்றத்தில் வெல்ல முடியாத வழக்கை வேறு இடத்தில் வென்றுகொள்வது என்ற யோசனை இந்தக் கட்டத்தில்தான் பலம் பெறுகிறது. 1952 அக்டோபரில் ஈரான் பிரிட்டனுடன் ராஜீய உறவை முறித்துக்கொண்டு, தூதரகத்தின் திரையில் மறைந்திருந்த ஒற்றர்களையும் வெளியேற்றிவிட்டது. அவர்களில் முக்கியமானவரான மாண்டேகு வுட்ஹவுஸ் வாஷிங்டனுக்குச் சென்றார். பிரிட்டிஷ் கம்பெனியின் சொத்தை மீட்டுத்தர அமெரிக்கர்கள் அசைய மாட்டார்கள் என்பதை அறிந்திருந்ததனால், எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளிக் கம்யூனிஸ அபாயத்தை முன்னுக்குக் கொண்டுவந்ததாக அவர் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ட்ரூமன் ஜனாதிபதியாயிருந்த வரையில் அந்த வாதம் எடுபடவில்லை. 1953 ஜனவரியில் ஐசனோவர் ஜனாதிபதியாகி, ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் வெளிநாட்டு மந்திரியாகவும் அவருடைய தம்பி ஆலன் டல்லஸ் சி.ஐ.ஏ. தலைவராகவும் அமர்ந்த பிறகு எடுபட்டது. ஜூலை மாதத்தில், அப்போது பிரிட்டிஷ் பிரதம மந்திரியாயிருந்த சர்ச்சிலும் ஐசனோவரும் திட்டத்துக்குச் சம்மதமளித்தார்கள். பழைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் பேரரான கெர்மிட் ரூஸ்வெல்ட் அதை நடத்திவைக்க ரகசியமாகத் தெஹ்ரான் சேர்ந்தார்.

சாம, தான, பேத, தண்டம் என்று நம் முன்னோர் வகுத்த உபாயங்களில் தானமும் பேதமும் அந்தக் கோடைகாலத்தில் தெஹ்ரானில் தாராளமாகப் பிரயோகிக்கப்பட்டன. பத்திரிகைகளுக்கும் மஜ்லிஸ் அங்கத்தினர்களுக்கும் சேனை அதிகாரிகளுக்கும் பணம் சென்றது. தயங்கிக்கொண்டிருந்த, ரேஸா ஷாவின் மகனான அன்றைய ஷா, தூதுவர் மேல் தூதுவராக வந்து வற்புறுத்தியதன் பேரில், மொசாதேக்கை நீக்கி ஜெனரல் ஜஹேதியை நியமிக்கும் உத்தரவுகளில் கையெழுத்திட்டார். ஆகஸ்டு 15-ஆம் தேதி நள்ளிரவில் அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு படைவீரர்களுடன் பிரதம மந்திரியின் வீட்டு வாசலுக்கு வந்த அரண்மனைக் காவற்படைத் தலைவர் அங்கேயே கைது செய்யப்பட்டார். செய்தி முன்னதாகவே கசிந்திருந்தது. ஷா விமானமேறிப் பாக்தாதுக்கும், அங்கிருந்து ரோமாபுரிக்கும் ஓடினார். திட்டம் தோற்றதென்று எண்ணிய வாஷிங்டன் தலைமைக் காரியாலயம், முயற்சியைக் கைவிடும்படி தந்தியும் அனுப்பிவிட்டது.

அதற்குப் பின் வந்த நான்கு நாட்களில் நடந்தவற்றுள் ஒன்றை இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். 18-ஆம் தேதி மாலையில் அமெரிக்கத் தூதர் லாய் ஹெண்டர்சன் மொசாதேக்கைச் சந்தித்து, தெருக்களில் அமெரிக்கப் பிரஜைகள் துன்புறுத்தப்படுவதாகவும், நிலைமை நீடித்தால் அவர்களை நாட்டை விட்டு அழைத்துக்கொள்ள நேரிடுமென்றும் முறையிட்டார். விருந்தினருக்குத் தம் நாட்டில் ஊறு நேர்கிறது என்ற சொல் அந்த முதியவரைச் சுட்டிருக்க வேண்டும். வீதிகளை ஒழுங்குபடுத்தும்படி போலீஸாருக்கு உத்தரவிட்டார். ஆர்ப்பாட்டங்களைத் தடை செய்தார். அவரை ஆதரிப்பவர்களும் அதனால் வீட்டுக்குள் இருந்தார்கள். மறுநாள் 19-ஆம் தேதி காலையில் நகரின் தென்பகுதியிலிருந்து, கூலிக்குச் சேர்க்கப்பட்ட முரடர்களும், மெய்யான ராஜபக்தியும் மதபக்தியும் உடையவர்களும் கலந்து ஊர்வலமாகக் கிளம்பியபோது, எதிர்த்து நிற்க வீதியில் ஆளில்லை. பிற்பகலில் ரேடியோ நிலையம் விழுந்தது. டாங்கிகள் பிரதம மந்திரியின் வீட்டைச் சுட்டுத் துளைத்தன, வீடு சூறையாடப்பட்டது. அந்த நாளில் சில நூறு பேர் மாண்டார்கள் என்பது பொதுவான கணிப்பு. சுவரேறித் தப்பிய மொசாதேக் மறுநாள் சரணடைந்தார். ராணுவ நீதிமன்றம் அவருக்கு மூன்று வருஷச் சிறை விதித்தது; அதன் பின் 1967-இல் இறக்கும் வரையில் அகமதாபாத் என்ற தம் கிராமத்தை விட்டு வெளியே வர அவருக்கு அனுமதியில்லை. அவருடைய வெளிநாட்டு மந்திரி ஹுசைன் ஃபாத்தெமி 1954 நவம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இனி, நியாயங்களை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தை ஒருதலைப்பட்சமாக முறித்ததற்குப் பரிகாரம் வேண்டாமா என்பது முதலாவது. வேண்டும்தான், பரிகாரத்தின் பெயர் நஷ்டஈடு, அதன் இடம் நீதிமன்றம். நீதிமன்றம் அதிகாரமில்லை என்று சொல்லிவிட்ட பிறகு, வாதி தன் சொந்தக் கையால் பிரதிவாதியின் வீட்டைக் கைப்பற்றிக்கொள்வதை எந்த நாட்டுச் சிவில் சட்டமும் அனுமதிப்பதில்லை. தவிரவும், 1954-இல் ஏற்பட்ட புதிய ஏற்பாட்டைப் பார்த்தால் இந்த நியாயத்தின் உண்மை விளங்கும். பழைய கம்பெனிக்கு நூற்றுக்கு நாற்பது. ஐந்து பெரிய அமெரிக்கக் கம்பெனிகளுக்குச் சேர்த்து நாற்பது. ஷெல் கம்பெனிக்குப் பதினான்கு. பிரெஞ்சுக் கம்பெனிக்கு ஆறு. 1951-க்கு முன் ஈரானிய எண்ணெயில் ஒரு துளி உரிமையும் இல்லாத அமெரிக்கக் கம்பெனிகள், பிறருடைய ஒப்பந்தத்தின் புனிதத்தைக் காப்பாற்றிய காரியத்தின் முடிவில், ஐந்தில் இரண்டு பங்கை அடைந்தன. நஷ்டஈடாக இரண்டரைக் கோடிப் பவுன் செலுத்தும் கடமை ஈரானின் தலையில் விழுந்தது.

இரண்டாவது நியாயம் கம்யூனிஸ அபாயம். இதை நான் இலேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. ஈரானின் வடக்கு எல்லை முழுவதும் சோவியத் யூனியன். யுத்தம் முடிந்த பின்பும் 1946 வரை அதன் படைகள் வட ஈரானை விட்டுப் போக மறுத்து நின்றதை எவரும் மறந்திருக்கவில்லை. தூதே கட்சி என்ற ஈரானியக் கம்யூனிஸ்ட் கட்சி பலமுள்ளது. சேனைக்குள் அதற்கு நூற்றுக்கணக்கான அதிகாரிகள் கொண்ட ரகசிய அமைப்பு இருந்தது 1954-இல் வெளிப்பட்டது. ஆகவே பயத்துக்குக் காரணம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மொசாதேக் கம்யூனிஸ்ட் அல்லர். நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். வட ஈரானின் எண்ணெயைச் சோவியத் யூனியனுக்குக் கொடுக்கும் பேச்சை 1944-இல் மஜ்லிஸில் சட்டம் கொண்டுவந்து தடுத்தவரே அவர்தாம். இன்னும் முக்கியமானது ஒன்று உண்டு. திட்டத்தை வகுத்தவர்களில் ஒருவரான டோனால்டு வில்பர் 1954-இல் சி.ஐ.ஏ.வுக்காக எழுதிய ரகசியச் சரித்திரம் 2000-இல் பத்திரிகை மூலமாக வெளியாயிற்று. சி.ஐ.ஏ.வின் ஈரானியக் கையாட்கள் கம்யூனிஸ்டுகள் போல் நடித்து மதத் தலைவர்களை மிரட்டினார்கள் என்றும், ஒரு மதத் தலைவரின் வீட்டில் குண்டு வெடிக்கச் செய்தார்கள் என்றும் அதில் காணப்படுகிறது. எந்த அபாயத்தைத் தடுப்பதற்காகத் தலையிட்டோம் என்று சொல்லப்பட்டதோ, அந்த அபாயம் போதிய அளவு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதனால், தலையிட்டவர்களே அதை ஓரளவு தயாரித்துக்கொள்ள நேர்ந்திருக்கிறது. பயம் உண்மையாயிருக்கலாம், ஆனால் தன் பயத்துக்குத் தானே சாட்சியைச் சிருஷ்டித்துக்கொள்கிறவன், அந்தப் பயத்தை நியாயமாகக் காட்டும் உரிமையை இழந்துவிடுகிறான்.

மொசாதேக்கே ஜனநாயகத்தை மீறிவிட்டார் என்பது மூன்றாவது. இதிலும் உண்மை உண்டு. அவரைப் பூஜிக்கிறவர்கள் இதை மறைப்பது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம். 1952-இல் தேர்தலை நடுவில் நிறுத்தினார். சட்டசபையைக் கேளாமல் சட்டமியற்றும் விசேஷ அதிகாரத்தை முதலில் ஆறு மாதத்துக்கும் பின்பு ஒரு வருஷத்துக்கும் பெற்றுக்கொண்டார். 1953 ஆகஸ்டின் தொடக்கத்தில் மஜ்லிஸைக் கலைப்பதற்கு நடத்திய ஜனவாக்கெடுப்பில், சம்மதம் என்பவருக்கு ஓரிடத்திலும் சம்மதமில்லை என்பவருக்கு வேறிடத்திலும் வாக்குச் சாவடிகளை வைத்தார். எவன் எங்கே நிற்கிறான் என்பது ஊரறியத் தெரியும்படி நடந்த அந்த வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அவருக்குச் சாதகமாக விழுந்ததில் வியப்பில்லை. அவருடன் தோளோடு தோள் நின்ற மதத் தலைவர் காஷானி உட்படப் பலர் அவரை விட்டு விலகியதும், பொருளாதாரத் தடையால் களைத்துப்போன ஜனங்களில் ஒரு பகுதியினர் சலிப்படைந்ததும் உண்மையே. அந்த ஆகஸ்டு 19-இல் தெருவில் நின்றவர்கள் அனைவரும் கூலிக்கு வந்தவர்கள் என்று சொல்வது ஈரானியரை அவமதிப்பதாகும். எவ்வளவு பங்கு அந்நியருடையது, எவ்வளவு உள்நாட்டாருடையது என்பதில் சரித்திராசிரியர்கள் இன்றும் மாறுபடுகிறார்கள்.

ஆனால் இந்த மூன்றாவது நியாயத்தை நன்றாகத் திருப்பிப் பார்த்தால், தலையீட்டின் முதன்மையான குற்றம் எது என்பது அதிலேதான் தெளிவாகிறது. ஒரு பிரதம மந்திரி தவறு செய்கிறார், அவரைச் சேர்ந்தவர்கள் பிரிகிறார்கள், பத்திரிகைகள் கண்டிக்கின்றன, ஜனங்கள் முணுமுணுக்கிறார்கள். ஒரு சமூகம் தன்னைத்தானே ஆண்டுகொள்ளக் கற்றுக்கொள்வது இப்படித்தான். அந்தப் பாடம் பாதி நடந்துகொண்டிருக்கையில் வெளியிலிருந்து ஒருவன் வந்து பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டதனால், மொசாதேக் நல்லவரா கெட்டவரா, அவர் கொள்கை வென்றிருக்குமா தோற்றிருக்குமா என்பதை ஈரானியர் தம் அனுபவத்தால் தீர்மானிக்க வழியில்லாமல் போயிற்று. அவர் தோற்கும் உரிமையையும் பறித்துக்கொண்டார்கள். அவரைத் தோற்கடிக்கும் உரிமையை ஜனங்களிடமிருந்து பறித்துக்கொண்டார்கள். ஒரு ஆட்சி போய் இன்னொரு ஆட்சி வந்ததைக் காட்டிலும் இதுவே பெரிய நஷ்டமென்று நான் கருதுகிறேன்.

இந்தக் கருத்து புதிதன்று. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் தலையிடாமையைப் பற்றி எழுதிய சிறு கட்டுரையில், ஒரு ஜனசமூகம் தன் முயற்சியால் சம்பாதித்துக்கொள்ளாத சுதந்திரம், அந்நியர் கையால் கொடுக்கப்பட்டால் நிலைத்து நிற்காது என்ற வாதத்தை வற்புறுத்தினார். ஆனால் அதே மில் முப்பத்தைந்து வருஷங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் காரியாலயத்தில் இருந்து, சுதேச சமஸ்தானங்களைப் பற்றிய கடிதப் போக்குவரத்தைக் கவனித்தவர். ஆகவே ‘நாகரிகம் அடையாத’ ஜாதியாருக்கு இந்த விதி பொருந்தாது என்று ஒரு கதவைத் திறந்துவைத்து, 1856-இல் அயோத்தி நவாபின் ராஜ்யம் அபகரிக்கப்பட்டதை அந்த வழியாக நியாயப்படுத்தியும் விட்டார். அவ்விடத்தில் அவர் கூறும் காரணம் மட்டும் கவனிக்கத்தக்கது. பிரிட்டிஷ் துப்பாக்கிகள் நவாபைத் தாங்கிக்கொண்டிருந்தபடியால், பிரஜைகள் கலகம் செய்வார்கள் என்ற இயற்கையான பயம் அவருக்கு இல்லாமற் போயிற்று; ஆகவே அவருடைய துராட்சிக்குப் பிரிட்டனே பொறுப்பாளியாயிற்று என்கிறார். முடிவு தவறானது, ஆனால் அந்தக் காரணம் மிகவும் பலமுள்ளது. அதை அப்படியே ஈரானுக்குக் கொண்டுவந்தால், 1953-க்குப் பின் அமெரிக்கா எங்கே நிற்கிறது?

ஆட்சி கவிழ்ந்த சில வாரங்களுக்குள் நாலரைக் கோடி டாலர் அவசர உதவி வந்து சேர்ந்தது. பின்பு ஆயுதங்கள் வந்தன. 1957-இல் சாவக் என்ற ரகசியப் போலீஸ், அமெரிக்காவிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் வந்த பயிற்சியாளர்களின் துணையோடு அமைக்கப்பட்டது. சட்டசபைக்கும் பத்திரிகைக்கும் அஞ்ச வேண்டிய அவசியம் ஷாவுக்கு அதன் பின் இருக்கவில்லை. சாவக்கின் சிறைகளில் வதைக்கப்பட்டவர்களுக்கு, மில்லின் காரணத்தின்படியே, தாங்கி நின்ற கையும் பதில் சொல்ல வேண்டும். தலையிடுகிறவர்கள் ஒரு நாள் காரியமாக அதை நினைக்கிறார்கள். உண்மையில் அது நிர்ணயமற்ற காலத்துக்கு ஏற்றுக்கொண்ட பொறுப்பு. கட்சிகளும் சங்கங்களும் நசுக்கப்பட்ட பிறகு எதிர்ப்புக்கு மிஞ்சிய இடம் மசூதி ஒன்றுதான். 1979-இல் அந்த வழியாக வந்த புரட்சிப் புயலைக் கண்டு வாஷிங்டன் திகைத்ததே, அது அங்கேதான் உருவாயிற்று.

இம்மானுவேல் காண்ட் 1795-இல் வெளியிட்ட நித்திய சமாதானத்தைப் பற்றிய நூலில், எந்த ராஜ்யமும் இன்னொரு ராஜ்யத்தின் அமைப்பிலும் ஆட்சியிலும் பலாத்காரமாகத் தலையிடலாகாது என்பதை ஒரு ஷரத்தாகவே வைத்தார். அதைக் காட்டிலும் கூர்மையானது அந்நூலின் அனுபந்தத்தில் அவர் தரும் ஓர் உரைகல்: பிறர் உரிமையைத் தொடும் எந்தக் காரியமும், அதன் நோக்கத்தை உலகறியச் சொன்னால் நிறைவேறாது என்ற தன்மையுடையதாயிருந்தால், அது அநீதியானது. 1953-ஐ இந்தக் கல்லில் உரசிப் பாருங்கள். ஈரானியருக்கு மட்டுமன்று, அமெரிக்கப் பிரஜைகளுக்கும் அது சொல்லப்படவில்லை. 1979 நவம்பரில் தெஹ்ரானிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் கைப்பற்றி, ஐம்பத்திரண்டு பேரை 444 நாட்கள் சிறை வைத்ததை எந்த நியாயத்தாலும் ஆதரிக்க முடியாது. ஆனால் வைத்தியத்துக்காக ஷா நியூயார்க்கில் அனுமதிக்கப்பட்டதைக் கண்டு, தூதரகத்திலிருந்து இன்னொரு 1953 புறப்படும் என்று அவர்கள் அஞ்சியதன் காரணம் அமெரிக்க ஜனங்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தெரியாது. காரணம் தெரியாதவனுக்கு எதிரியின் கோபம் பைத்தியமாகத் தோன்றும்; அதற்கு அவன் அளிக்கும் பதிலும் அவ்வாறே இருக்கும்.

எல்லாத் தலையீடுகளும் இதே தராசில் ஒரே எடை காட்டுமா? காட்டாது. 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து லக்ஷக்கணக்காக அல்ல, கோடியை எட்டும் அளவில் அகதிகள் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தபோது இந்தியப் படை சென்றது. 1972 மார்ச்சில் திரும்பிவிட்டது. கம்போடியாவில் போல்பாட்டின் ஆட்சி தன் ஜனங்களை லக்ஷக்கணக்கில் மாளவிட்ட பிறகு 1979 ஜனவரியில் வியட்நாம் அதை வீழ்த்தியது. ஆனால் அதன் படை 1989 வரை தங்கிற்று. 1979-இல் டான்ஸானியா, தன் எல்லையைத் தாக்கிய இடி அமீனை உகாண்டாவிலிருந்து துரத்தியது. மூன்றிலும் சுயநலம் கலந்திருந்தது. நான் அவற்றைத் தூய்மையானவை என்று சொல்லவில்லை. ஆயினும் அவை உலகம் பார்க்க நடந்தன. நடந்துகொண்டிருந்த கொலையை நிறுத்தின. வந்தவன் யார், எதற்காக வந்தான் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆகவே அவனைக் கேள்வி கேட்கவும், போ என்று சொல்லவும் இடமிருந்தது. 1953-இல் எந்தக் கொலையும் நடந்துகொண்டிருக்கவில்லை. எண்ணெய் ஒன்றுதான் கைமாறியிருந்தது.

மற்றத் திசையிலும் பார்க்க வேண்டும். 1956 நவம்பரில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் நகரில் புகுந்து, இம்ரே நாகியின் ஆட்சியை வீழ்த்தின. புதிய ஹங்கேரிய அரசாங்கம் அழைத்ததனால் வந்தோம் என்று மாஸ்கோ சொல்லிற்று. நாகி 1958-இல் தூக்கிலிடப்பட்டார். ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பதில் முன்னின்ற நம் நாடு, ஹங்கேரியில் ஐக்கிய நாடுகளின் மேற்பார்வையில் சுதந்திரமான தேர்தல் நடக்க வேண்டுமென்ற தீர்மானத்தை எதிர்த்து அந்த மாதத்தில் வாக்களித்தது. பஞ்சசீலத்தை 1954-இல் உலகத்துக்கு அறிவித்த தேசம் அப்படிச் செய்தது வருந்தத்தக்கது; எந்தக் கூட்டத்தைச் சேர்ந்த வலியவன் என்று பார்த்துத் தர்மத்தைப் பேசுவதும் பேசாதிருப்பதும், மெலிந்தவர்களுக்கு இருக்கும் ஒரே கவசத்தில் ஓட்டை போடுவதாகும்.

ஒப்புக்கொள்ளுதலைப் பற்றிச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. 1989-இல் அமெரிக்க வெளிநாட்டு இலாகா, 1951 முதல் 1954 வரையிலான ஈரான் ஆவணத் தொகுதியை வெளியிட்டபோது, ரகசிய நடவடிக்கையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அத்தொடரைக் கவனிக்கும் ஆலோசனைக் குழுவின் தலைவரான சரித்திராசிரியர் வாரன் கோஹன் இதைக் கண்டித்து 1990-இல் ராஜினாமா செய்தார். அதன் விளைவாக, அத்தொடர் பூரணமாகவும் உண்மையாகவும் இருக்க வேண்டுமென்று 1991-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமே செய்தது. அச்சட்டத்துக்குப் பிறகும் திருத்திய தொகுதி வெளிவர 2017 ஆயிற்று. தங்கள் அரசாங்கத்தின் பொய்யைத் தங்கள் சொந்தப் பதவியைத் துறந்து எதிர்த்தவர்கள் அமெரிக்காவிலேயே இருந்தார்கள் என்பதை, ஈரானைப் பற்றிப் பேசும்போது நாம் மறக்கலாகாது.

இன்றைய ஈரானிய அரசாங்கமோ, 1953-ஐத் தன் சொந்தச் சொத்தாக்கிக்கொண்டிருக்கிறது. புரட்சிக்குப் பின் தெஹ்ரானின் பஹ்லவி ராஜவீதிக்கு மொசாதேக்கின் பெயர் சூட்டப்பட்டது. சில வருஷங்களுக்குள் அப்பெயரும் அகற்றப்பட்டு வலீ அஸ்ர் வீதி என்று மாற்றப்பட்டது. அந்த மனிதரின் நினைவை வேண்டாமென்று தள்ளியவர்கள், அவருக்கு நேர்ந்த அநீதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2009-இல் தேர்தலில் முறைகேடு நடந்ததென்று லக்ஷக்கணக்கானவர்கள் வீதிக்கு வந்தபோது, அவர்களை அந்நியரின் கையாட்கள் என்று சொல்லிச் சிறையிலடைப்பது ஆட்சியாளருக்கு எளிதாயிருந்தது. ஒரு காலத்தில் அப்படி மெய்யாகவே நடந்திருக்கிறபடியால், அந்தக் குற்றச்சாட்டைக் கேட்கிற ஈரானியன் எளிதில் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை. அந்தப் பழியை அவர்கள் மேலிருந்து நீக்க வேறு எவராலும் முடியாவிட்டாலும், செய்தவர்கள் செய்ததை முழுதும் சொல்வதனால் ஓரளவு நீக்கலாம். அமெரிக்கா இதைப் பல தவணைகளில், தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறது. திட்டத்தின் முதல் ஆசிரியரான பிரிட்டன் தன் பங்கை இன்னும் முறைப்படி ஒப்புக்கொள்ளவில்லை. லண்டனில் பூட்டிக் கிடக்கும் அந்தக் கட்டுகளைத் திறந்துவைக்க வேண்டுமென்று கேட்கும் உரிமை ஈரானியருக்கு எவ்வளவு உண்டோ, தங்கள் பெயரால் என்ன செய்யப்பட்டது என்று அறிய வேண்டிய பிரிட்டிஷ் பிரஜைகளுக்கும் அவ்வளவு உண்டு.